மனச்சிதைவும் கண் அசைவும்: கண்ணைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட முடியுமா?

தென்றல்

என் தம்பிக்குப் போன வருடம் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று உறுதியானது. மருந்து ஒழுங்காக எடுத்துக்கொள்கிறான், குரல் கேட்பது நன்றாகவே குறைந்திருக்கிறது. அவனுக்காக இந்த நோயைப் பற்றிக் கையில் கிடைப்பதை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று மனதைக் குடைகிறது. கண் அசைவைக் கேமராவில் பதிவு செய்தால் மனச்சிதைவு இருக்கிறதா இல்லையா என்று 98 சதவீதம் சரியாகச் சொல்லிவிடலாமாம். கூடப் பிறந்தவர்களுக்கும் அதே மாறுபாடு இருக்கலாமாம்.

உண்மை என்றால் ஏன் இதுவரை எந்த டாக்டரும் அவன் கண்ணைப் பரிசோதிக்கவில்லை? நானும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சமீபத்தில் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அதிலிருந்து சில மாலை வேளைகளில் அவனுடைய கண்மணி மேலே போய் அப்படியே நின்றுவிடுகிறது. கீழே பார்க்கச் சொன்னால், "முயற்சி பண்றேன்க்கா, வரமாட்டேங்குது" என்கிறான். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. இதுதான் அந்தக் கண் அசைவுக் கோளாறா?

யாழினி (மனநல மருத்துவம், மேற்படிப்பு)

தென்றல், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது காத்திருக்கக் கூடாத விஷயம்.

மருந்தைக் கூட்டிய பிறகு கண்கள் மேலே இழுத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவு. ஆக்குலோகைரிக் கிரைசிஸ் என்போம். டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கும் மருந்துகள் சிலருக்கு, முக்கியமாக ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைகளில், தசைகளை இப்படி இறுக்கிப் பிடிக்கும். கழுத்து பின்பக்கம் வளைவது, தாடை இறுகுவது, நாக்கு தடித்த மாதிரி இருப்பது இதெல்லாம் கூடவே வரலாம். சில நிமிடத்திலும் போகும், சில மணி நேரமும் நீடிக்கும். அந்த நேரத்தில் பயம் கூடும், சிலருக்குக் குரல்கள்கூடத் திரும்பக் கேட்கும். அதனாலேயே நோய் முற்றுகிறது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பென்ஸ்ட்ரோபின், புரோமெத்தசின், டிரைஹெக்ஸிஃபெனிடில் வகை மருந்துகளில் எது பொருந்தும் என்று டாக்டர் முடிவு செய்வார். ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது: இன்றைக்கே அவருடைய டாக்டருக்குச் சொல்லுங்கள். மறுபடி நடந்தால் போனில் வீடியோ எடுத்து வைத்துக் காட்டுங்கள், வாயால் விவரிப்பதைவிட அது நூறு மடங்கு உதவும். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிட மட்டும் வேண்டாம்.

ஆய்வுகளில் பேசுகிற கண் அசைவு மாறுபாடு வேறு. அதை எதிரில் உட்கார்ந்து வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

மதியழகன்

கண் அசைவுப் பதிவுக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அந்த இன்னொரு பகுதியைச் சொல்கிறேன்.

இது ஒன்றும் புதிய விஷயம் இல்லை. 1908லேயே டீஃபென்டார்ஃப், டாட்ஜ் என்ற இருவர் நோயாளிகளின் கண் அசைவை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்து வெளியிட்டார்கள். அப்போது இந்த நோய்க்கு மனச்சிதைவு என்ற பெயர் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை, டிமென்ஷியா ப்ரீகாக்ஸ் என்றார்கள். ஆடுகிற பொருளைப் பின்தொடரும்போது இவர்களுடைய கண் சீராக ஓடவில்லை என்று அன்றே எழுதினார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் அதைப் பெரிதாக யாரும் தொடவில்லை. 1973ல் ஃபிலிப் ஹோல்ஸ்மன் குழு ஊசல் குண்டை ஆட்டிவிட்டு, கண்ணைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி அளந்து, மறுபடி அதையே கண்டது. இன்று இந்தத் துறையில் நடப்பதெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

என்ன தெரிகிறது என்றால்: கண்ணுக்கு இரண்டு முக்கிய நடைகள். ஒன்று தாவல், சக்கேட் என்பது. இதை வாசிக்கும்போதே உங்கள் கண் வரி நெடுக அப்படித்தான் தாவிக்கொண்டிருக்கிறது. மற்றது நகரும் பொருளோடு ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போவது, தொடர் பார்வை என்போம். இந்த இரண்டாவதை நினைத்த மாத்திரத்தில் செய்ய முடியாது. வெறும் சுவரில் கண்ணை மெதுவாக இடமிருந்து வலமாக ஓட்டிப் பாருங்கள், எதிரில் ஒருவரை உங்கள் கண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண் விட்டு விட்டுக் குதிப்பதைத்தான் அவர் பார்ப்பார். இப்போது உங்கள் கட்டைவிரலை நகர்த்தி அதைப் பின்தொடருங்கள். கண் வழுக்கிக்கொண்டு போகும். தொடர்வதற்கு நகரும் பொருள் ஒன்று வேண்டும், மூளை அதன் வேகத்தைக் கணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மனச்சிதைவு உள்ளவர்களின் பதிவைத் திரையில் பார்த்தால் புள்ளியின் கோடு வழவழப்பான அலையாக ஓடும். கண்ணின் கோடு அதன் மேல் படியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும், பிறகு ஒரு சின்னத் தாவல் போட்டு எட்டிப் பிடிக்கும், திரும்பப் பின்தங்கும். அலையின் சரிவுகள் படிக்கட்டாக மாறியிருக்கும். சில இடங்களில் கண் புள்ளியை முந்திக்கொண்டு போய்க் காத்திருக்கும். இந்தப் படிகள் மிகச் சிறியவை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை படமெடுக்கும் கருவிகளில் இதெல்லாம் துல்லியமாகத் தெரியும். அதனால் தயவுசெய்து யாரும் விரலை ஆட்டித் தம்பி தங்கைகளைச் சோதித்துப் பார்க்காதீர்கள். தூக்கம் கெட்டவர் கண்ணும் தடுமாறும், சலிப்படைந்தவர் கண்ணும் தடுமாறும்.

ரகு

சரி ஐயா, ஆனால் இது கவனம் இல்லாததன் விளைவாக ஏன் இருக்கக் கூடாது? உடம்பு முடியாதவரை இருட்டறையில் உட்காரவைத்து ஒரு புள்ளியையே பார் என்றால் யார் கண்தான் ஒழுங்காகப் போகும்?

மதியழகன்

இந்தக் கேள்வியைத்தான் ஹோல்ஸ்மனிடமும் பலர் கேட்டார்கள். புள்ளியின் மேல் எண்களை மாற்றி மாற்றிக் காட்டிப் படிக்கச் சொன்னால் கவனம் கூடும். அப்படிச் செய்தபோது எல்லோருக்கும் கொஞ்சம் முன்னேறுகிறது, ஆனால் நோயாளிகளின் குறை முழுவதுமாக மறைவதில்லை. ஆக, கவனம் ஒரு பங்குதான்.

மீதி எங்கே என்று தேடியதில் சில இடங்கள் பிடிபட்டன. கண் கிளம்பிய முதல் 100 மில்லிசெகண்டில் மூளைக்குத் தன் தவறைத் திருத்திக்கொள்ள நேரமே இல்லை, பொருளின் வேகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்த மதிப்பீட்டை நம்பித்தான் ஓடுகிறது. அந்த மதிப்பீட்டைத் தருவது மூளையின் பின்பக்கமுள்ள எம்டி என்ற பகுதியும் அதை ஒட்டிய எம்எஸ்டியும். 1999ல் யூ சென் குழு கண் அசைவையே விட்டுவிட்டு, இரண்டு அசைவுகளில் எது வேகமானது என்று மட்டும் கேட்டுப் பார்த்தது. வேக வித்தியாசம் சிறிதாக இருந்தபோது நோயாளிகள் தடுமாறினார்கள். அதாவது சிக்கலின் ஒரு பகுதி பார்வைக் கணக்கிலேயே தொடங்குகிறது.

அடுத்தது முன்மூளையில் உள்ள ஃப்ரன்டல் ஐ ஃபீல்டு. பொருள் ஒரு கணம் மறைந்தாலும் 'இந்நேரம் அங்கே இருக்கும்' என்று கண்ணை ஓட்டிச் செல்லும் முன்கணிப்பு வேலையில் இதற்குப் பெரிய பங்கு. புள்ளியை நடுவில் அணைத்துவிட்டுப் பார்க்கும் சோதனைகளில் நோயாளிகளின் கண் வேகமிழப்பது கூடுதல். மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ படங்களிலும் கண் தொடரும் நேரத்தில் இந்தப் பகுதியின் செயல்பாடு பல ஆய்வுகளில் குறைவாகவே தெரிந்தது. இவற்றோடு மூளைத்தண்டின் பான்ஸ், சிறுமூளை, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் எல்லாம் சேர்ந்த ஒரு சுற்று இது. ஒரே ஓட்டையைத் தேடினால் கிடைக்காது.

செவ்வந்தி

நான் மனச்சிதைவோடு வாழ்கிறவள். மாணவியாக இருந்தபோது இப்படி ஓர் ஆய்வில் கலந்துகொண்டேன். தென்றல் அக்காவுக்காகவும் அவங்க தம்பிக்காகவும் எழுதுகிறேன்.

தாடையை ஒரு தாங்கியில் வைத்து உட்காரச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. அது அணைந்ததும் பக்கவாட்டில் வேறொரு புள்ளி தோன்றும். விதி என்னவென்றால், தோன்றிய புள்ளியைப் பார்க்கக் கூடாது, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வெறும் இருட்டைப் பார்க்க வேண்டும். எனக்கு விதி நன்றாகவே புரிந்தது. ஆனால் புள்ளி வந்ததும் கண் போய்விடும். போன மறுகணமே திருப்பிக்கொள்வேன். "ஐயோ, தப்பா பார்த்துட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அங்கிருந்த அக்கா, "பேசாதீங்க, தலை ஆடுது, தப்பு வரது சகஜம்தான்" என்றார்.

வெளியே வரும்போது அவமானமாக இருந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான் நோய் இல்லாதவர்களும் இதில் தவறுவார்கள் என்று தெரிந்தது. ஆய்வு செய்கிறவர்கள் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் எங்களைப் போன்றவர்கள் பாதி பயம் தெளிந்து உட்காருவோம்.

யாழினி (மனநல மருத்துவம், மேற்படிப்பு)

செவ்வந்தி, உங்கள் பதிவை எங்கள் வகுப்பில் காட்ட வேண்டும் போல் இருக்கிறது. நீங்கள் செய்தது ஆன்டிசக்கேட் சோதனை. 1978ல் ஹாலெட் உருவாக்கியது. ஜப்பானில் ஃபுகுஷிமா குழு 1988ல் மனச்சிதைவில் அதைப் பயன்படுத்திக் காட்டியது. அதன் பிறகு எத்தனையோ நாடுகளில், எத்தனையோ கூடங்களில் அதே முடிவு வந்துகொண்டே இருக்கிறது. நோய் இல்லாதவர்கள் சுமாராக ஐந்துக்கு ஒரு முறை தவறுவார்கள். நோயாளிகளில் அது இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போகும்.

நீங்கள் சொன்ன "மறுகணமே திருப்பிக்கொள்வேன்" என்பதுதான் இதில் முக்கியம். பெரும்பாலான தவறுகளை நோயாளிகள் தாமே திருத்திக்கொள்கிறார்கள். அப்படியென்றால் விதி நினைவில் இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது. புள்ளி தோன்றும் அந்தக் கணத்தில் 'எதிர்ப்பக்கம்' என்ற இலக்கு போதுமான வலுவோடு எழும்பி நிற்பதற்குள் அனிச்சையான தாவல் கிளம்பிவிடுகிறது. இந்த இலக்கைத் தாங்கிப் பிடிப்பதில் முன்மூளையில் உள்ள டோர்சோலேட்டரல் பிரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் என்ற பகுதி முக்கியம். அங்கே பக்கவாதம் வந்தவர்களும் இதே சோதனையில் இதே போலத் தவறுகிறார்கள். 1992ல் பார்க், ஹோல்ஸ்மன் இருவரும் இடத்தை நினைவில் வைத்துப் பார்க்கும் சோதனையிலும் குறையைக் கண்டார்கள். குரங்குகளில் அதே வேலையைச் செய்வது அதே பகுதிதான் என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

கணக்கு வாத்தியார்

98 சதவீதத்துக்கு வருகிறேன். தென்றல் படித்தது 2012ல் அபர்தீன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். புள்ளியைத் தொடர்வது, நிலைத்துப் பார்ப்பது, படங்களை இஷ்டப்படி பார்ப்பது மூன்றையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தார்கள். அது 98.3 சதவீதம் சரியாகப் பிரித்தது. படம் பார்ப்பதில்தான் வித்தியாசம் தூக்கலாகத் தெரிந்தது. நோயாளிகளின் கண் படத்தின் சில இடங்களிலேயே அதிக நேரம் தங்கி, குறைந்த தூரமே உலவியது.

நல்ல ஆய்வு. ஆனால் அந்த எண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். உலக அளவில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு. 30,000 பேரைப் பிடித்துச் சோதித்தால் 100 பேருக்கு நோய் இருக்கும், 29,900 பேருக்கு இருக்காது. இரண்டு பக்கமும் 98 சதவீதம் சரி என்றே வைத்துக்கொள்வோம். நோயுள்ள 100ல் 98 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாதவர்களில் 2 சதவீதம், அதாவது 598 பேர், தவறாகப் பிடிபடுவார்கள். மொத்தம் 696 பேரிடம் 'உங்களுக்கு இருக்கலாம்' என்று சொல்வோம். அதில் உண்மையில் இருப்பது 98 பேருக்கு. ஏழு பேரைக் கலங்கடித்து ஒருவரைக் கண்டுபிடிப்போம்.

அதோடு, அந்த ஆய்வு ஒப்பிட்டது நோய் உறுதியானவர்களையும் நலமாக இருப்பவர்களையும். டாக்டர் முன் வந்து உட்காருகிறவர் அப்படி இரண்டில் ஒன்றாக வருவதில்லை. தூக்கமின்மையோ, மனச்சோர்வோ, போதைப் பழக்கமோ, இருமுனைக் கோளாறோ, இன்னதென்று புரியாத குழப்பமோ எதுவாகவும் இருக்கலாம். அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்க முடிகிறதா என்பதுதான் மருத்துவருக்கு வேண்டிய கேள்வி. ஏன் டாக்டர் தம்பியின் கண்ணைச் சோதிக்கவில்லை என்பதற்கு என் பதில் இதுதான்.

ரகு

மருந்தை யாரும் தொடவில்லையே. மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் லித்தியமும் பதற்றம் தணிக்கும் பென்சோடயசெபைன் மாத்திரைகளும் கண் அசைவைக் கெடுக்கும் என்று தெரிந்ததுதானே. நாம் பார்ப்பதெல்லாம் மருந்தின் தடமாக இருந்தால்?

யாழினி (மனநல மருத்துவம், மேற்படிப்பு)

பாதி சரி. லித்தியம் தொடர் பார்வையைக் கெடுக்கிறது. பென்சோடயசெபைன் தாவலின் வேகத்தையே குறைக்கிறது. நோயின் முதல் கட்டத்தில் இருந்தவர்களுக்கு மனநோய் எதிர்ப்பு மருந்து தொடங்கிய பின் தொடர் பார்வை இன்னும் மந்தமானதாகக் காட்டிய ஆய்வும் உண்டு. ஆகவே பதிவின் பக்கத்தில் மருந்துப் பட்டியல் இல்லை என்றால் அந்தப் பதிவை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் 1908ல் இந்த மருந்துகள் எதுவுமே கிடையாது. முதல் மனநோய் எதிர்ப்பு மருந்தான குளோர்ப்ரோமசின் வந்ததே 1950களில்தான். இன்றும் ஒரு மாத்திரைகூடப் போடாத புதிய நோயாளிகளில் இந்த மாறுபாடுகள் தெரிகின்றன. மருந்தே எடுக்காத உறவினரிலும் லேசாகத் தெரிகின்றன.

வேதியியல் பக்கமும் சுவையானது. நலமானவர்களுக்கு மயக்கம் தராத சிறு அளவில் கெட்டமைன் கொடுத்தால் தொடர் பார்வை தடுமாறுகிறது. கெட்டமைன் என்ற மயக்க மருந்து தடுப்பது, குளுட்டமேட் என்ற மூளை ரசாயனம் வந்து ஒட்டும் என்எம்டிஏ ஏற்பியை. நிகோடின் கொடுத்தால் ஆன்டிசக்கேட் தவறுகள் கொஞ்சம் குறைகின்றன. இதைச் சிகரெட்டுக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புகை உடம்பின் சில நொதிகளைத் தூண்டி குளோசபின், ஒலான்சபின் போன்ற மனநோய் எதிர்ப்பு மருந்துகளின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும்.

மதியழகன்

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியை இன்னும் யாரும் எடுக்கவில்லை. தென்றல், உங்கள் தம்பியின் குரல்களுக்கு மிக அருகே வருகிற ஆய்வு என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில் இமையின் மேல் விரலால் மெல்ல அழுத்துங்கள். காட்சி ஆடும். ஆனால் அதே கண்ணை நீங்களாகத் திருப்பும்போது, விழித்திரையில் படம் அதைவிடப் பலமாக ஓடியும், உலகம் அசையாமல் நிற்கிறது. காரணம், கண்ணைத் திருப்பச் சொல்லும் கட்டளையின் நகல் ஒன்று மூளையின் பார்வைப் பகுதிகளுக்கும் போகிறது. 'இந்த அசைவு நாம் செய்தது, கழித்துக்கொள்' என்று சொல்கிற நகல் அது. விரலால் அழுத்தும்போது கட்டளையும் இல்லை, நகலும் இல்லை. 1950ல் ஸ்பெர்ரி ஒரு பக்கமும், ஃபான் ஹோல்ஸ்ட், மிட்டெல்ஷ்டேட் இன்னொரு பக்கமுமாக இதை முன்வைத்தார்கள். நகல் போகும் தடத்தை 2002ல் சோமர், வுர்ட்ஸ் இருவரும் குரங்குகளில் காட்டினார்கள். நடுமூளையின் சுப்பீரியர் கொலிக்குலஸிலிருந்து தலாமஸில் உள்ள ஒரு நரம்பணுத் தொகுப்பு வழியாக ஃப்ரன்டல் ஐ ஃபீல்டுக்குப் போகிறது. நடுவில் தலாமஸைத் தற்காலிகமாக மரக்கவைத்தால் அடுத்தடுத்து இரண்டு தாவல் போட வேண்டிய குரங்கின் இரண்டாவது தாவல் குறி தப்பியது. முதல் தாவலில் தன் கண் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற சேதி அதற்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

இப்போது மனச்சிதைவுக்கு வாருங்கள். மனதில் தானாக ஓடும் பேச்சு வேறொருவர் குரலாகக் கேட்பது, தன் கை செய்ததை யாரோ செய்ய வைத்ததாக உணர்வது. தன் செயலைத் தன்னுடையது என்று முத்திரை குத்தும் அந்த நகல் பழுதானால் இப்படி ஆகலாம் என்று 1978லேயே ஃபைன்பெர்க் எழுதினார். குரலைச் சோதனைக் கூடத்தில் அளப்பது கஷ்டம். கண்ணை அளக்கலாம். 2015ல் தக்கர் குழு அதைத்தான் செய்தது. கண் தாவும் நேரத்திலேயே புள்ளியைச் சற்று நகர்த்திவிட்டு, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்டார்கள். சரியாகச் சொல்ல வேண்டுமானால் தன் கண் எவ்வளவு தாவியது என்று மூளைக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்க வேண்டும். நோயாளிகளில் அந்த உள்சேதியின் பயன்பாடு குறைந்திருந்தது. குறை கூடியவர்களுக்கு மனநோய் (சைகோசிஸ்) அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன.

தொடர் பார்வைக் குறை அறிகுறிகளோடு இப்படி ஏறி இறங்குவதில்லை. குரல் நின்ற பிறகும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால்தான் இந்த நகல் சோதனை எனக்குத் தனியாகப் படுகிறது.

தென்றல்

படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்கிறது. அவனும் ஆரம்பத்தில் "என் யோசனையைத்தான் யாரோ சத்தமா சொல்றாங்க" என்பான். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறோம்.

கண் மேலே போனதை அன்றே டாக்டரிடம் சொன்னோம், வீடியோவும் காட்டினோம். பக்கவிளைவுதான் என்று உறுதி செய்து அளவைக் குறைத்து, கூட ஒரு மாத்திரையும் கொடுத்தார். அதன் பிறகு வரவில்லை. யாழினி டாக்டர், ரொம்ப நன்றி. என்னைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மட்டும் யாராவது சொல்லுங்கள்.

யாழினி (மனநல மருத்துவம், மேற்படிப்பு)

நல்ல செய்தி. அந்த மாத்திரையால் வாய் உலர்வது, மலச்சிக்கல் வரலாம். எத்தனை நாள் தொடர வேண்டும் என்று அடுத்த முறை கேளுங்கள்.

உங்கள் கேள்வி: ஹோல்ஸ்மன் குழு 1974ல் நோயாளிகளின் நெருங்கிய உறவினரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் தொடர் பார்வைக் குறை இருப்பதாகச் சொன்னது. பொது மக்களில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. பிற்கால ஆய்வுகளில் உறவினருக்கும் மற்றவருக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரிதாக வரவில்லை, ஆனால் இருக்கிறது. நார்வேயில் ஒரே கரு இரட்டையர்களைப் பார்த்தபோது, ஒருவருக்கு மட்டும் நோய் இருந்தாலும் கண் அசைவு இருவரிடமும் ஒத்துப்போனது. மரபு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று நோயாக மாறாமலே கண்ணில் தெரியலாம் என்பதற்கு இது நல்ல சான்று. இப்படி மரபணுவுக்கும் நோய்க்கும் நடுவில் நிற்கிற அளவுகளை எண்டோஃபீனோடைப் என்பார்கள். மனச்சிதைவுக்குச் சிறு சிறு பங்களிக்கும் மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் இப்படி ஓர் இடைப்படி தேவைப்படுகிறது.

ஆகவே உங்கள் கண்ணில் அந்தப் படிக்கட்டு தெரிந்தாலும் உங்களுக்கு நோய் வரும் என்று பொருள் இல்லை. தெரியாவிட்டாலும் வராது என்ற உறுதி இல்லை. தெரிந்தாலும் அதற்கென்று சிகிச்சையும் இல்லை. பரிசோதனை என்று போக வேண்டாம். எங்காவது ஆய்வுக்கு உறவினர்களைக் கூப்பிட்டால், விருப்பமிருந்தால் போங்கள். உங்களைப் போன்றவர்கள் வந்து உட்காராமல் இந்தக் கணக்குகள் எதுவும் நகராது.

ரகு

ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 2016ல் அமெரிக்காவின் பி-ஸ்னிப் குழு மனச்சிதைவு, அதோடு மனநிலைக் கோளாறும் கலந்த ஸ்கிசோஅஃபெக்டிவ், மனநோய் அறிகுறியுள்ள இருமுனைக் கோளாறு மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, ஆன்டிசக்கேட், மூளை மின்னலை போன்ற அளவுகளை வைத்தே ஆட்களைப் பிரித்துப் பார்த்தது. மூன்று கூட்டங்கள் வந்தன, அவை இப்போதைய நோய்ப் பெயர்களோடு பொருந்தவில்லை. ஒரே பெயருள்ளவர்கள் வெவ்வேறு கூட்டத்தில் இருந்தார்கள். கண் அசைவை நோயின் தனி அடையாளமாகத் தேடுவதைவிட, ஒரே பெயரின் கீழ் கிடக்கும் வெவ்வேறு சிக்கல்களைப் பிரிக்கவும், யாருக்கு எந்த மருந்து ஒத்துவரும் என்று முன்னமே சொல்லவும் இது உதவுமா என்று பார்ப்பதுதான் சரியான வழியாகப் படுகிறது.

செவ்வந்தி

அப்படி ஒரு ஆய்வு வந்தால் நான் திரும்பவும் தாடையைத் தாங்கியில் வைக்கத் தயார். எனக்கு ஒத்துவந்த மருந்தைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று மருந்துகள் மாற்ற வேண்டியிருந்தது. தென்றல் அக்கா, தம்பியிடம் அந்த விரலால் அழுத்தும் விஷயத்தைச் சொல்லுங்கள், ஆனால் அவர் கேட்டால் மட்டும். கேட்கும் குரல் எப்படி உண்டாகலாம் என்று யாராவது காரணத்தோடு விளக்கியது எனக்கு ரொம்ப உதவியது.